வாழைப்பொத்தியும் மாத்திரைப் போத்தலும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் நெல்லிக்காயைப் பற்றி எழுதியபோது ‘ஒட்சியேற்ற எதிரி’ என்ற சொல்லைப் போகிற போக்கில் பயன்படுத்தியிருந்தேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு திருகோணமலை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் ஒன்றையொன்று தொட்ட கேள்விகள் என்பதால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். நான் வைத்தியர் அல்ல. உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஆகையால் மருந்தின் அளவை மாற்றுவது பற்றிய கேள்விகளுக்கு இங்கே விடை இராது. அவற்றை உங்கள் கிளினிக்கில் கேளுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மகள் எனக்கு ஒட்சியேற்ற எதிரி மாத்திரை என்று இரண்டு போத்தல்கள் அனுப்பியிருக்கிறாள். ‘அழற்சியைக் குறைக்கும், பரம்பரையலகுகளைத் தூண்டும்’ என்று போத்தலில் எழுதியிருக்கிறது. உணவோ மாத்திரையோ பிறவியிலேயே அமைந்த பரம்பரையலகை மாற்றிவிட முடியுமா?
— வாசகி, உப்புவெளி

பதில்: வாழைப்பொத்தியை அரிந்து சட்டியில் போட்டுவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தால், துருவி எழும்புவதற்குள் பொத்தி கறுத்துப் போயிருக்கும். வெட்டுப்பட்ட கலங்களிலிருந்து வெளிவந்த சேர்வைகள் ஒரு நொதியத்தின் துணையோடு காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்ததால் வந்த கறுப்பு அது. அதற்காகத்தான் தேசிப்புளி விட்ட தண்ணீரில் அரிந்து போடுகிறோம். தேசிக்காயின் அமிலம் அந்த நொதியத்தை அடக்குகிறது. அதிலுள்ள விற்றமின் சி ஒட்சியேற்றத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. ஒட்சியேற்ற எதிரி என்ற சொல்லை விளக்க இந்தச் சட்டி ஒன்றே போதும். ஆனால் சட்டியில் நடப்பதுதான் உடலுக்குள்ளும் நடக்கிறது என்று எண்ணிக்கொண்டதால் வந்த குழப்பம் பெரிது. உங்கள் போத்தலின் விளம்பரம் அந்தக் குழப்பத்தின் மேல்தான் நிற்கிறது.

நம் கலங்களிலுள்ள இழைமணிகள் உணவிலிருந்து சக்தியை எடுக்கும்போது ஒட்சிசனின் ஒரு சிறு பங்கு, அருகிலிருப்பதோடு உடனே வினைபுரியும் துணிக்கைகளான சுயாதீன மூலிகங்களாகச் சிதறுகிறது. இவை கொழுப்பையும் புரதத்தையும் டி.என்.ஏ.யையும் தாக்க வல்லவை. முதுமைக்கே இவைதான் காரணம் என்ற கருதுகோளை அமெரிக்கரான டெனம் ஹார்மன் 1956 இல் வெளியிட்டார். அதன் பிறகு, மூலிகம் என்றால் தீமை, அதை அடக்குவது எதுவானாலும் நன்மை என்ற எண்ணம் பரவிவிட்டது. ஆனால் நம் வெண்குழியங்கள் பக்றீரியாவைக் கொல்வதற்கு இதே மூலிகங்களைத் தாமே உண்டாக்குகின்றன. கலங்கள் தமக்குள் செய்தி அனுப்பவும் இவற்றைப் பயன்படுத்துகின்றன. முற்றாகத் துடைத்தெறிந்தால் நமக்குத்தான் நட்டம்.

அழற்சியும் அப்படிப்பட்டதே. மீன் துப்புரவாக்கும்போது சூடை முள் ஒன்று விரலில் ஏறினால் அன்று மாலையே அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கும். உரோமரான செல்சஸ் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த நான்கு அடையாளங்களும் இவைதான். இரண்டு மூன்று நாளில் அது தானாக அடங்கிவிடும், அடங்க வேண்டும். அடங்காமல், வலியும் வீக்கமும் வெளியே தெரியாமல், உடல் முழுவதும் மெல்லப் புகைந்துகொண்டிருக்கும் அழற்சி வேறொரு வகை. வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு, புகைத்தல், கவனிக்காமல் விட்ட முரசு நோய் ஆகியவை அதை வளர்க்கின்றன. நாடிகளில் கொழுப்புப் படிவதிலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதிலும் அதற்குப் பங்கு உண்டு.

இனிப் பரம்பரையலகுக்கு வருவோம். புரதம் செய்வதற்கான குறிப்பைக் கொண்ட பரம்பரையலகுகள் மனிதரில் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. உங்கள் ஈரலின் கலத்திலும் கண்ணின் கலத்திலும் இருப்பவை ஒரே 20,000 தான். எந்தக் கலத்தில் எது எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதில்தான் ஈரலும் கண்ணும் வேறுபடுகின்றன. இந்த வாசிப்பைத்தான் பரம்பரையலகு வெளிப்பாடு என்கிறோம். விடைத்தாளில் ‘பரம்பரையலகு மாறியது’ என்று எழுதும் பிள்ளைக்கு நான் ‘மாறவில்லை, வாசிக்கப்பட்டது’ என்று சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுப்பேன். அதே திருத்தம் உங்கள் கேள்விக்கும் பொருந்தும். நீங்கள் உண்ணும் எந்தக் கீரையும் உங்கள் பரம்பரையலகின் எழுத்தை மாற்றாது. வாசிப்பைக் கூட்டவும் குறைக்கவும் உணவால் முடியும்.

அது எப்படி என்பதற்கு இரண்டு புரதங்களைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது என்.எஃப். கப்பா பி. ரஞ்சன் சென்னும் டேவிட் போல்ற்றிமோரும் 1986 இல் இதைக் கண்டறிந்தார்கள். சாதாரண வேளையில் வேறொரு புரதம் இதை, டி.என்.ஏ இருக்கும் இடமான கலத்தின் கருவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கும். கிருமியோ காயமோ மூலிகப் பெருக்கமோ ஏற்பட்டவுடன் அந்தப் பிடி அழிக்கப்படுகிறது, விடுபட்ட என்.எஃப். கப்பா பி கருவுக்குள் நுழைந்து, அழற்சியை மூட்டும் பரம்பரையலகுகளை வாசிக்க வைக்கிறது. இரண்டாவது என்.ஆர்.எஃப் 2. இதையும் கீப் 1 என்ற புரதம் பிடித்து, உண்டாக உண்டாக அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கீப் 1 இன் கந்தக அணுக்களில் ஏதாவது ஒரு பொருள் வந்து ஒட்டிக்கொண்டால் அந்த வேலை தடைப்படும். அப்போது என்.ஆர்.எஃப் 2 கருவுக்குள் போய், உடலின் சொந்த ஒட்சியேற்ற எதிரியான குளுட்டாதயோனை உற்பத்தி செய்பவை உட்பட 200 இற்கும் மேற்பட்ட பாதுகாப்புப் பரம்பரையலகுகளை எழுப்புகிறது.

கந்தகத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பொருளில் மிக நன்றாக ஆராயப்பட்டது சல்போரபேன். அது புரொக்கோலியில் அதிகமாகவும் கோவாவில் குறைவாகவும் கிடைக்கிறது. நம் முருங்கையிலும் அதே குடும்பத்துச் சேர்வைகள் உண்டு. முருங்கை வேரைக் கடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் காரம் தெரிந்திருக்கும். பூச்சியும் புழுவும் தின்னாதிருக்கத் தாவரம் தனக்காகச் செய்துகொண்ட நஞ்சு அது. நமக்கு வரும் அளவில் அது ஒரு சிறு உறுத்தலாக மட்டுமே இருக்கிறது. அந்த உறுத்தலை உணர்ந்து கலம் தன் சொந்தப் பாதுகாப்பைக் கூட்டிக்கொள்கிறது. ஆகவே இந்த உணவுகள் வெளியிலிருந்து ஒட்சியேற்ற எதிரியைக் கொண்டுவந்து கொட்டுவதாக எண்ணுவதைவிட, உள்ளே இருக்கும் தொழிற்சாலையை முடுக்கிவிடுவதாக எண்ணுவது உண்மைக்கு நெருக்கமானது.

கணக்கும் இதையே சொல்கிறது. நம் குருதியில் யூரிக்கமிலம் லீற்றருக்கு 200 முதல் 400 மைக்ரோமோல் வரை எப்போதும் இருக்கிறது. அதுவும் ஓர் ஒட்சியேற்ற எதிரிதான். பழம், மரக்கறி, தேயிலை போன்றவற்றில் நாம் உண்ணும் ஒட்சியேற்ற எதிரிகளான பொலிபீனோல்களோ உணவுக்குப் பிறகும் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரோமோலைத் தாண்டுவதில்லை. அவ்வளவு சிறிய தொகை மூலிகங்களை நேரடியாகத் துடைத்து என்ன சாதித்துவிடும்? அப்பிள் உண்டவர்களின் குருதியில் ஒட்சியேற்ற எதிர்ப்புத் திறன் கூடியதைக் கண்டு ஆராய்ந்தபோது, அந்தக் கூடுதலுக்குப் பெரும்பாலும் காரணம் பழத்தின் வெல்லம் உயர்த்திய யூரிக்கமிலமே என்று ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2004 இல் காட்டினர். உணவுகளின் ஒட்சியேற்ற எதிர்ப்புப் புள்ளிகளைப் பட்டியலிட்டு வைத்திருந்த அமெரிக்க விவசாயத் திணைக்களம், சோதனைக் குழாயில் எடுத்த அந்தப் புள்ளிகள் மனித உடல்நலத்துக்குப் பொருந்துவதாகச் சான்று இல்லை என்றும் வியாபாரிகள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றும் கூறி, 2012 இல் பட்டியலையே எடுத்துவிட்டது. உங்கள் போத்தலின் பின்புறத்தில் அப்படி ஏதும் புள்ளி அச்சிடப்பட்டிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். மகளின் அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள். போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய், நீங்கள் ஏற்கனவே குடிக்கும் மருந்துகளோடு அது ஒத்துப்போகுமா என்று காட்டிக் கேட்காமல் திறக்காதீர்கள்.

கேள்வி: என் கணவரின் குருதிப் பரிசோதனையில் சி.ஆர்.பி 6 என்று வந்திருக்கிறது. இது அழற்சியைக் காட்டும் என்றார்கள். சாப்பாட்டால் இதைக் குறைக்க முடியுமா?
— வாசகி, கிண்ணியா

பதில்: சி.ஆர்.பி என்பது அழற்சிச் செய்தி கிடைத்தவுடன் ஈரல் உற்பத்தி செய்யும் ஒரு புரதம். நியூமோனியா நோயாளிகளின் குருதியில் 1930 இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. முதலில் அறிக்கையில் அலகைப் பாருங்கள். லீற்றருக்கு மில்லிகிராம் என்றும் டெசிலீற்றருக்கு மில்லிகிராம் என்றும் இரண்டு விதமாக எழுதுவார்கள். இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடு. லீற்றர் கணக்கில் 1 இற்குக் கீழே இருந்தால் இருதய நோய் ஆபத்து குறைவு என்றும், 1 முதல் 3 வரை நடுத்தரம் என்றும், 3 இற்கு மேல் கூடுதல் என்றும் கொள்வது வழக்கம். அந்த வாரத்தில் அவருக்குத் தடிமனோ பல்வலியோ இருந்திருந்தால் அந்த எண் எதையும் நிரூபிக்காது. இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்ப்பதே முறை.

உணவால் குறைவதற்கு நல்ல சான்று உண்டு. ரொறன்ரோவில் நடந்து 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், கொலஸ்திரோல் கூடிய 46 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். கொழுப்புக் குறைந்த உணவு மட்டும் உண்டவர்களுக்கு ஒரு மாதத்தில் சி.ஆர்.பி 10 வீதம் குறைந்தது. அதே உணவோடு கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் மாத்திரையும் எடுத்தவர்களுக்கு 33 வீதம். மாத்திரை இன்றி ஓட்ஸ், சோயா, பாதாம், வெண்டிக்காய், கத்தரிக்காய் என்று திட்டமிட்டு உண்டவர்களுக்கு 28 வீதம். வெண்டிக்காயும் கத்தரிக்காயும் நம் சந்தையில் விலை குறைந்த மரக்கறிகள் என்பதால் இந்த ஆய்வின்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம். ஆனால் கத்தரிக்காயை எண்ணெயில் மிதக்க விட்டுப் பொரித்தெடுத்தால் அந்த ஆய்வைத் துணைக்கு அழைக்க முடியாது. இதைப் படித்துவிட்டு அவர் கொலஸ்திரோல் மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

வயிற்றின் சுற்றளவு குறைந்தால் சி.ஆர்.பியும் குறையும். கொழுப்பிழையம் தானே அழற்சிச் செய்திகளை அனுப்பும் ஓர் உறுப்பு. சூடை, கீரி போன்ற சிறு மீன்களின் ஒமேகா 3 கொழுப்பிலிருந்து உடல் ரிசொல்வின் என்ற சேர்வைகளைச் செய்துகொள்கிறது. அழற்சியை அடக்கி முடித்துவைப்பது அவற்றின் வேலை. மீனைக் குழம்பாகவோ அவியலாகவோ சமைத்தால் நல்லது. மூன்றாம் முறையாகக் கொதிக்கும் எண்ணெயில் பொரித்த மீனில் அந்த எண்ணெயே ஒட்சியேறிப் போயிருக்கும்.

கேள்வி: இருபத்தைந்து வருடமாகப் புகைக்கிறேன். கடலுக்குப் போகிற தொழிலில் அதை விட முடியவில்லை. கரட்டிலுள்ள சத்தை மாத்திரையாக எடுத்தால் நுரையீரலைக் காப்பாற்றலாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
— வாசகர், திருக்கடலூர்

பதில்: எடுக்காதீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் முதல் வரியிலேயே விடை சொல்லிவிடுகிறேன்.

பழமும் மரக்கறியும் நிறைய உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், நீங்கள் சொன்ன கரட்டுச் சத்தான பீற்றாக் கரோட்டின்தான் காக்கிறது என்று நம்பினார்கள். நியாயமான நம்பிக்கைதான். அதைச் சோதிக்கப் பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் பீற்றாக் கரோட்டினை ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை கொடுத்தார்கள். முடிவு 1994 இல் வந்தது: கரோட்டின் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைப்பவர்களும் புகைத்து விட்டவர்களும் அஸ்பெஸ்ரஸ் தொழிலாளர்களுமாக 18,314 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில் 30 மில்லிகிராம் கரோட்டினோடு விற்றமின் ஏயும் கொடுத்தார்கள். அங்கே புற்றுநோய் 28 வீதமும் மரணம் 17 வீதமும் கூடியதால், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்பாகவே 1996 சனவரியில் ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று. காப்பாற்றக் கொடுத்த பொருளே ஆளைச் சாய்த்தது. உணவியல் வரலாற்றில் இதைவிடக் கசப்பான பாடம் குறைவு என்பேன்.

ஏன் அப்படி நடந்தது? புகையால் ஏற்கனவே புண்பட்ட நுரையீரலில் அளவுக்கு மிஞ்சிய கரோட்டின் தானே ஒட்சியேறிச் சிதைந்து தீங்கான துண்டுகளாகிறது என்பது ஒரு விளக்கம். இன்னொன்றைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2014 இல் காட்டினார்கள்: நுரையீரல் புற்றுநோய் தொடங்கியிருந்த எலிகளுக்கு ஒட்சியேற்ற எதிரிகளைக் கொடுத்தபோது கட்டிகள் வேகமாக வளர்ந்தன. டி.என்.ஏ பழுதடைந்தால் கலத்தின் வளர்ச்சியை நிறுத்தும் ஒரு காவற் புரதம் உண்டு. மூலிகங்களைக் குறைத்ததால் பழுது குறைந்தது; பழுது குறைந்ததால் அந்தக் காவல் விழிக்கவில்லை. நம் கலங்களுக்குச் செய்த உதவியை புற்றுக் கலங்களும் பங்கிட்டுக்கொண்டன.

இதோடு நிறுத்தினால் உணவின் மேலேயே உங்களுக்கு நம்பிக்கை போய்விடும். ஆகவே ஒஸ்லோ ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஒன்றையும் சொல்கிறேன். புகைக்கும் ஆண்கள் 102 பேரை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்குப் பழம், மரக்கறி, கொட்டைகள், தேநீர் முதலியவை நிறைந்த உணவையும், ஒரு குழுவுக்கு நாளுக்கு மூன்று கிவிப் பழங்களையும் எட்டு வாரம் கொடுத்தார்கள். மூன்றாம் குழு வழக்கம் போல உண்டது. ஒவ்வொரு குழுவிலும் சிலருடைய குருதிக் கலங்களில் எந்தப் பரம்பரையலகுகள் வாசிக்கப்படுகின்றன என்று பார்த்தபோது, பலவகை உணவு உண்டவர்களிடம் டி.என்.ஏ.யைப் பழுது பார்ப்பவை உட்பட, நெருக்கடியைச் சமாளிக்கும் பரம்பரையலகுக் கூட்டங்கள் மேலெழுந்திருந்தன. ஆய்வு சிறியது, காலமும் குறைவு, அவர்களுக்குப் புற்றுநோய் குறைந்ததா என்பதை அது அளக்கவில்லை. ஆனாலும் மாத்திரையில் தனியாக வந்த ஒரு சேர்வை செய்யாததை, உணவில் நூற்றுக்கணக்கான சேர்வைகள் சிறு சிறு அளவில் சேர்ந்து செய்ய முயல்கின்றன என்பதற்கு அது ஓர் அடையாளம்.

கரட்டையும் பப்பாசியையும் உணவாகத் தாராளமாக உண்ணுங்கள். அவற்றால் அந்தத் தீங்கு வந்ததாகக் காணப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு சிகரெட்டும் மூட்டிவிடும் அழற்சியை எந்தக் கறியும் ஈடுசெய்யாது. விடுவதற்கு உதவி வேண்டும் என்று கிளினிக்கில் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி: மஞ்சளும் மிளகும் சேர்த்தால் அழற்சி தீரும் என்கிறார்களே. நாம் தினமும் கறியில் போடும் மஞ்சள் போதுமா, மாத்திரை வேண்டுமா?
— வாசகர், மூதூர்

பதில்: மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின், சோதனைக் குழாயில் என்.எஃப். கப்பா பியை அடக்குகிறது, என்.ஆர்.எஃப் 2 ஐ எழுப்புகிறது. ஆனால் மஞ்சள் தூளில் குர்க்குமின் ஏறத்தாழ 3 வீதமே. ஒரு தேக்கரண்டி தூளில் 100 மில்லிகிராம் அளவுக்கு இருக்கலாம். அந்தத் தேக்கரண்டியும் நாலைந்து பேருக்கான கறியில் பிரிந்து போகிறது. அப்படி உள்ளே போகும் சிறிதளவும் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சியதை ஈரல் விரைவாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. மிளகின் கதை இங்கேதான் வருகிறது. 2 கிராம் குர்க்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது குருதியில் சேரும் அளவு இருபது மடங்காகியது என்று பெங்களூரில் நடந்த ஆய்வு 1998 இல் காட்டியது. அந்த 20 மில்லிகிராம் பைப்பரின் ஏறத்தாழ அரைக் கிராம் மிளகில் கிடைத்துவிடும். பாட்டிமார் ஆய்வு ஏதும் படிக்காமலேயே இரண்டையும் ஒரே அம்மியில் அரைத்தார்கள்.

ஆனால் பைப்பரின் அந்த வேலையைச் செய்வது, ஈரலின் வெளியேற்றும் நொதியங்களைத் தடுத்து. உங்கள் மருந்துகளை வெளியேற்றுவதும் அத்தகைய நொதியங்கள்தான். மிளகுச் சத்தோடு வரும் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கிறார்கள். பலனோ அந்த ஆபத்துக்கு ஈடாக இல்லை. குர்க்குமின் குறித்து 2017 இல் வெளியான ஒரு விரிவான மீளாய்வு, 120 இற்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்த பின்னும் தெளிவான வெற்றி ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதியது. மூட்டு வலிக்குச் சிறிது ஆறுதல் தருவதாகச் சில சிறு ஆய்வுகள் உண்டு. அதற்கு மேல் நான் போக மாட்டேன்.

கறியில் போடும் மஞ்சளை விடாதீர்கள். அது சுவைக்கும் நிறத்துக்குமாகப் போடுவது. கூடவே கிடைக்கிற நன்மை கிடைக்கட்டும். 2020 இல் இறக்குமதி நின்று மஞ்சளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, கடையில் தூளாக விற்றதில் எவ்வளவு மஞ்சள் இருந்தது என்பதைக் கடவுளே அறிவார். கட்டி மஞ்சளை வாங்கி இடித்து வைத்துக்கொள்வது இன்றைக்கும் நல்ல பழக்கம்.

கேள்வி: நீரிழிவுக்காகக் காமரங்காய்ச் சாற்றை வெறும் வயிற்றில் குடிக்கிறேன். அதில் ஒட்சியேற்ற எதிரி அதிகமாமே?
— வாசகர், நிலாவெளி

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். நட்சத்திரப்பழம் என்று சொல்லப்படும் காமரங்காயில் ஒட்சியேற்ற எதிரியும் இருக்கிறது, ஒட்சலேற்றும் இருக்கிறது. சாறாகப் பிழிந்து வெறும் வயிற்றில் குடிக்கும்போது அந்த ஒட்சலேற்று சிறுநீரகத்தில் பளிங்காகப் படிந்து அதை முடக்கிவிடும். இப்படிச் சாறு குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் இலங்கையிலேயே பதிவாகியிருக்கிறார்கள். பிலிம்பிக்காய்ச் சாற்றால் கேரளத்திலும் இதே கதி நேர்ந்திருக்கிறது. சிறுநீரகம் ஏற்கனவே பலவீனமானவர்களுக்குக் காமரங்காயிலுள்ள இன்னொரு நஞ்சு மூளையைத் தாக்கி, விடாத விக்கலிலிருந்து வலிப்பு வரை கொண்டுபோகும். நீரிழிவுக்காரர்களில் பலருக்குத் தம் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதே தெரிவதில்லை. அடுத்த கிளினிக்கில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் பார்க்கச் சொல்லுங்கள். சாறு குடித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: நான் உயர்தர மாணவன், 1500 மீற்றர் ஓடுகிறேன். பயிற்சியின்போது மூலிகங்கள் கூடுமாம். அதற்காக விற்றமின் சி மாத்திரை எடுக்கலாமா, ரீச்சர்?
— மாணவன், ஓர்ஸ்ஹில்

பதில்: மூலிகங்கள் கூடும் என்பது சரி, தம்பி. அவை கூடுவதுதான் பயிற்சியின் ஒரு பயன் என்பது உனக்கு வியப்பாக இருக்கும். ஜேர்மனியில் 2009 இல் வெளியான ஆய்வில், இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்து, பாதிப் பேருக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் விற்றமின் சியும் 400 அலகு விற்றமின் ஈயும் கொடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் உணர்திறன் கூடியது. உடலின் சொந்த ஒட்சியேற்ற எதிர்ப்பு நொதியங்களுக்கான பரம்பரையலகுகள் கூடுதலாக வாசிக்கப்பட்டன. மாத்திரை எடுத்தவர்களுக்கு இரண்டும் நடக்கவில்லை. ஓடும்போது உண்டாகும் மூலிகங்கள்தான் தசைக்குச் செய்தி. செய்தி வருமுன் தாளைக் கிழித்துவிட்டால் தசை எதைப் படிக்கும்?

பயிற்சி முடிந்து ஒரு கொய்யாப்பழம் சாப்பிடு. நடுத்தரமான ஒன்றிலேயே 100 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி இருக்கும். ஒரு நாளைக்கு அது தாராளம். 1000 மில்லிகிராமை விழுங்கினால் பாதியளவுகூட உறிஞ்சப்படாமல் போகலாம். உறிஞ்சியதிலும் மிஞ்சியது சிறுநீரோடு போய்விடும்.

கேள்வி: எங்கள் வயலின் சிவப்பரிசியைத் தீட்டாமல் உண்பது நல்லது என்கிறார்கள். அதன் சிவப்பிலுள்ள சத்து சோறு வடிக்கும்போது போய்விடாதா?
— வாசகர், தம்பலகாமம்

பதில்: கொஞ்சம் போகும். ஆனால் தவிட்டுச் சிவப்பின் பொலிபீனோல்களில் பெரும்பங்கு பெரிய மூலக்கூறுகளாக இருப்பதால் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் நாரோடு சேர்ந்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே காத்திருக்கும் பக்றீரியாக்கள் பொலிபீனோல்களை உடைத்துச் சிறியவையாக்குகின்றன. நாரை நொதிக்க வைத்துப் பியூற்றிரேற்று என்ற சிறு கொழுப்பமிலத்தைத் தருகின்றன. டி.என்.ஏ சுற்றி வைக்கப்பட்டிருக்கும் புரதச் சுருள்களை இறுக்குகிற நொதியத்தைப் பியூற்றிரேற்று தடுக்கிறது. சுருள் தளர்ந்த இடத்திலுள்ள பரம்பரையலகு வாசிக்கப்படுகிறது. அழற்சியை அடக்கும் ஒருவகை வெண்குழியங்கள் பெருங்குடலில் பெருகுவதற்கு இது துணை செய்கிறது என்று 2013 இல் எலிகளில் காட்டினார்கள். உங்கள் வயலின் தவிட்டை ஆலையில் கோழித்தீனிக்கு விட்டுவிட்டு, நகரத்துக்கு வந்து நார்ச்சத்துத் தூள் வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

கேள்வி: இலைக்கறிகளைச் சமைத்தால் சத்தெல்லாம் போய்விடும், பச்சையாக அரைத்துக் குடிக்க வேண்டும் என்று மகன் சொல்கிறான். இத்தனை வருடம் சமைத்தது வீணா?
— வாசகி, குச்சவெளி

பதில்: வீண் அல்ல, அம்மா. விற்றமின் சி சூட்டில் சிதைந்தும் தண்ணீரில் கரைந்தும் போகும் என்பதில் மகன் சொல்வது சரி. கரோட்டினுக்கோ நேர்மாறு: இலையின் கலச்சுவர் வெந்து தளர்ந்தால்தான் அது வெளியே வரும், கொழுப்பு இருந்தால்தான் உறிஞ்சப்படும். முருங்கையிலை வறையில் நீங்கள் போடும் தேங்காய்ப்பூவும் பொன்னாங்காணிக்கு விடும் பாலும் அந்தக் கொழுப்பைக் கொடுக்கின்றன. வறையை மூடிபோட்டு ஐந்து நிமிடத்துக்குள் இறக்கி, இறக்கிய பிறகு தேசிப்புளி விடுங்கள். சொதி திரையாமல் இருக்க நாம் அடுப்பை விட்டு இறக்கிய பின் புளி விடுவதும் அந்த விற்றமின் சியைத் தற்செயலாகக் காப்பாற்றிவிடுகிறது. வல்லாரையைச் சம்பலாக உண்பது போல ஏதாவது ஒன்று நாளுக்குப் பச்சையாகவும் இருந்தால் நிறைவு.

கோவாவுக்கு மட்டும் ஒரு சிறு மாற்றம் செய்து பாருங்கள். அதன் உள்ளே நான் முன்பு சொன்ன காரச் சேர்வையான சல்போரபேன் தயாராக இருப்பதில்லை. நறுக்கும்போது கலம் உடைந்து ஒரு நொதியம் வெளிப்பட்டு அதைச் செய்கிறது. நறுக்கியவுடன் சட்டியில் போட்டால் சூடு அந்த நொதியத்தைக் கொன்றுவிடும். நறுக்கி அரை மணி நேரம் வைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். மறந்து உடனே சமைத்துவிட்டால், இறக்கிய பின் சிறிது பச்சைக் கடுகை அரைத்துச் சேருங்கள். கடுகிலும் அதே நொதியம் இருக்கிறது. சமைத்த புரொக்கோலியில் கடுகுத் தூள் சேர்த்துச் செய்த ஆய்வில், உடலில் சேர்ந்த சல்போரபேன் நான்கு மடங்குக்கு மேல் கூடியது.

இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் குடிப்பவர் யாராவது வீட்டில் இருந்தால், மகன் சொன்ன இலைச்சாற்றைத் திடீரெனத் தொடங்க வேண்டாம். இலைகளின் விற்றமின் கே அந்த மருந்தோடு மல்லுக்கு நிற்கும். அவர்கள் இலைக்கறியை விட வேண்டியதில்லை. நாளுக்கு நாள் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ண வேண்டும்.

கேள்வி: வெறும் தேத்தண்ணீரில் ஒட்சியேற்ற எதிரி அதிகம் என்பதால் நாளுக்கு ஆறேழு முறை குடிக்கிறேன். எனக்கு இரும்புச்சத்துக் குறைவு என்று மாத்திரையும் தந்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா?
— வாசகி, சம்பூர்

பதில்: தேயிலையின் பொலிபீனோல்கள் நல்லவைதாம், ஆனால் அவை குடலில் இரும்பைப் பிடித்துக்கொண்டு உறிஞ்ச விடாமல் செய்யும். மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்; சாப்பாட்டோடும் தேநீர் வேண்டாம். மாத்திரையைத் தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு எடுத்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். ஆறேழு தேநீரிலும் சீனி போடுகிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. போடுகிறீர்கள் என்றால் முதலில் குறைக்க வேண்டியது அது.